யானையை விற்றவர்களுக்கு, அங்குசம் கேட்டு ஒரு மடல்

பெறுநர்: கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் எலக்ட்ரிக் கிட்டார் இறக்குமதி செய்வோர், முகவர்கள், புதிதும் பழையதும் விற்கும் கடைக்காரர்கள்.

அனுப்புவோர்: அந்தக் கிட்டார்களைப் பழுது பார்ப்பவர்களும் வாசிப்பவர்களும்.

அன்புடையீர், வணக்கம்.

உங்களில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறோம். உங்கள் கடை கவுண்டரில் நிற்கும் நம் பிள்ளைகள் வாசித்து, வேண்டிய இடத்தில் மலாயிலோ சீனத்திலோ எடுத்துச் சொல்லிவிடுவார்கள். திருகாணி அளவெல்லாம் வருகிற மடல் இது. முதலாளியைவிட அவர்களுக்குத்தான் முதலில் விளங்கும்.

ஒரு மாடலின் தயாரிப்பு நின்றுபோவதில் எங்களுக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. விற்காத சரக்கை எந்தக் கம்பெனியும் காலமெல்லாம் செய்துகொண்டிருக்காது. எங்கள் கேள்வி அதற்குப் பிறகு வருவதைப் பற்றியது. மாடல் நின்ற அன்றைக்கே அதன் டிரெமலோ கம்பி (சுருதியை ஆட்டும் கைப்பிடி), பிரிட்ஜ் சேடில் (உடல் பக்கம் தந்தியைத் தாங்கும் துண்டு), செலக்டர் சுவிட்ச், நட் (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் துண்டு), வயரிங் படம் எல்லாம் ஏன் கூடவே காணாமல் போகவேண்டும்? யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குச் சண்டை போடுவது பழமொழியில் சிரிப்பதற்கு நன்றாக இருக்கும். அங்குசம் இல்லாமல் யானையை வீட்டுக்கு ஓட்டிப்போனவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மோகம் முப்பது நாள், ஆசை அறுபது நாள் என்பது கிட்டாருக்குப் பொருந்தாது. உங்கள் உத்தரவாதச் சீட்டின் காலம்தான் சீக்கிரம் முடிகிறது, வாங்கியவரின் பிடிப்பு முடிவதில்லை. நிறுத்தப்பட்ட மாடல்மீது வரும் காதலோ இன்னும் பிடிவாதமானது. இதற்குக் கிட்டாரின் வரலாறே சாட்சி. இன்று லட்சக்கணக்கான டாலரில் மதிப்புப் பேசுகிற கிப்சன் லெஸ் பால் சன்பர்ஸ்ட் 1958 முதல் 1960 வரை செய்யப்பட்டு, போதுமான விற்பனை இல்லாமல் நிறுத்தப்பட்டது. 1961-இல் அதன் இடத்துக்கு இரண்டு கொம்பு வைத்த மெல்லிய உடல் வந்தது. பழையதைத் தேடித்தேடி வாங்கியவர்கள் கொடுத்த நெருக்கடியில்தான் 1968-இல் ஒற்றைக் கொம்பு உடல் திரும்பி வந்தது. ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் 1958-இல் வந்து 1980-இல் நின்றது. ஜாகுவார் 1962-இல் வந்து 1975-இல் நின்றது. யாரும் சீண்டாததால் பழைய சாமான் கடைகளில் விலை விழுந்து கிடந்தவற்றை, கையில் காசில்லாத நியூயார்க் இளைஞர்கள் வாங்கினார்கள். சோனிக் யூத் போன்ற ராக் குழுக்கள் வழியே அவற்றுக்கு மறுபிறவி கிடைத்தது.

இவையெல்லாம் பிழைத்ததற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. அவற்றின் உள்ளே இருந்தவை திருகாணி, காந்தம், செம்புக் கம்பி, பாட் (வால்யூம், டோன் திருப்பும் மின்தடை), கபாசிட்டர். அளவு தெரிந்தால் எந்தப் பட்டறையிலும் செய்துவிடலாம். யமஹா எஸ்ஜி 2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் வந்தது. நெக், அதாவது கழுத்துத் தண்டு, உடலின் ஊடாகவே ஓடுகிறது, பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைத் தகடு, தூக்கினால் தோள் இறங்கும். தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகியும் அதை நிம்மதியாக வைத்துப் பராமரிக்கலாம், ஏனென்றால் தேய்கிற எதுவும் அதில் விசித்திரமானது இல்லை.

எதிர்ப்பக்கம் பார்க்கர் ஃபிளை. 1993-இல் வந்தது, 2016-இல் நின்றது. மெல்லிய மரத்தின்மேல் கார்பன், கண்ணாடி இழைத் தோல். இரண்டரைக் கிலோகூட வராது. எங்களில் யாரும் அதைக் கையில் எடுத்துவிட்டு மனசார கீழே வைப்பதில்லை. ஆனால் அதன் ஃபிரெட்டுகளுக்கு (விரல்பலகையின் குறுக்கே ஓடும் கம்பிகள்) மரத்தில் இறங்கும் வேர்ப்பகுதியே கிடையாது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இழைப் பலகைமேல் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். பசை விட்டால் ஃபிரெட் எழும்பும். சுத்தியலால் தட்டி உட்காரவைக்க வழியில்லை, பழைய பசையைச் சுரண்டி எபாக்சியில் மறுபடி ஒட்டித்தான் ஆகவேண்டும். டிரெமலோவில் சுருள் ஸ்பிரிங் இல்லை. ஒரே ஒரு தட்டை ஸ்பிரிங்தான், அதுவும் தந்தியின் தடிமனுக்கு ஏற்ப வேறு வேறு. 9 தந்திக்கான (முதல் தந்தி 0.009 அங்குலத் தடிமன்) ஸ்பிரிங்கில் 11 போட்டால் சமநிலை கிடைக்காது. மின்சுற்றை இணைக்கும் ரிப்பன் நாடா மடங்கி முறிந்தால் கிட்டார் ஊமை. இந்த மூன்றும் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருகிறவரிடம் என்ன சொல்வது?

இன்னொரு கோடியில் ஃபிளாய்ட் ரோஸ் ஸ்பீட்லோடர். 2000-களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு. தந்தியை அறுக்கவேண்டாம், சுற்றவேண்டாம். இரண்டு முனையிலும் குண்டு வைத்து, அளவு பிசகாமல் செய்த தந்தியை மாட்டினாலே சுருதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கேட்க அருமையான யோசனை. அந்தத் தந்தி தயாரிப்பதை நிறுத்தியபோது, ஒன்றுமே கெடாத கிட்டார்கள் சுவரில் தொங்கின. பிரிட்ஜையே மாற்றினால்தான் அவற்றுக்கு வாழ்வு.

"அதே மாதிரி புது மாடல் இருக்கே, எடுத்துக்கலாமே" என்று கவுண்டரில் சொல்வது வழக்கம். நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அதே மாதிரி என்பது வெளித்தோற்றம். கை பிடித்தது வேறு எதையோ. ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை தந்தியின் நீளம்) 648 மி.மீ. உள்ளதில் வாசித்தவருக்கு 628 மி.மீ. கொடுத்தால், அதே தந்தி அதே சுருதியில் ஏறக்குறைய 6 விழுக்காடு தளர்வாக இருக்கும். ஜாகுவாரின் 610-இல் 11 விழுக்காடு. முதல் ஃபிரெட்டில் நெக் தடிமன் 20 மி.மீ.-க்கும் 22-க்கும் கட்டைவிரல் உடனே வித்தியாசம் சொல்லிவிடும். நம் ஆர்கெஸ்ட்ராக்களில் பழைய தமிழ்ப் பாட்டு வாசிக்கிறவர் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிறவர். விரல்பலகையின் வளைவு 184 மி.மீ. ஆரமாக இருந்தால், தந்தியைத் தாழ்வாக வைத்துக்கொண்டு ஒன்றரை சுரம் இழுக்கும்போது மேலே உள்ள ஃபிரெட்டில் உரசி ஒலி செத்துவிடும். 305 மி.மீ. ஆரத்தில் சாகாது. விரல்பலகையின் இந்த வளைவை அட்டவணையில் போடாமல் நிறத்தை மட்டும் போடுகிறீர்கள். அதனால்தான் வாங்கியவர் பழையதையே தேடிப் போகிறார்.

சரி, சாமானுக்கு வருவோம். பெரிய விஷயத்தைவிட இந்தச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் கிட்டார்கள் கெடுகின்றன.

டிரெமலோ கம்பி. தொலைவதற்கென்றே செய்த சாமான் அது. கல்யாண மண்டபத்தில் கேபிளைச் சுற்றும்போது உருண்டு மேடைக்கு அடியில் போய்விடும். அமெரிக்கத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 10-32 என்ற மரை: விட்டம் 4.83 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 0.794. ஆசியத் தயாரிப்புகளில் 5 மி.மீ. அல்லது 6 மி.மீ. மரை, 5 மி.மீ. உடையதன் இடைவெளி 0.8. இந்த இரண்டு எண்களையும் பாருங்கள், 0.794-உம் 0.8-உம். கண்ணுக்கு ஒன்று. அதனால் 5 மி.மீ. கம்பியை 10-32 துளையில் விட்டால் முதல் சுற்று ஏறும், இரண்டாவது சுற்று கொஞ்சம் இறுக்கமாக ஏறும். "புதுசுதானே, இறுக்கமாத்தான் இருக்கும்" என்று கடைப் பையன் இன்னும் ஒரு சுற்று அழுத்துவான். கம்பி எஃகு. அது ஏறும் பிளாக் மலிவானது என்றால் துத்தநாக வார்ப்பு. எஃகு ஜெயிக்கும். துளைக்குள்ளே பழைய மரை மழுங்கி, பொடிப்பொடியாகத் துகள் வரும். அதற்குப் பிறகு அசல் கம்பியே கிடைத்தாலும் லொடலொடவென்று ஆடும். சில சமயம் இறுகிய கம்பி துளைக்குள்ளேயே முறிந்துவிடும். அதை எடுக்க நடுவில் 2 மி.மீ. துளை போட்டு, இடப்பக்கம் சுழலும் துரப்பணத்தால் மெதுவாகப் பின்னுக்கு எடுக்கவேண்டும். அரைநாள் வேலை. விற்கும்போது கம்பியின் கழுத்தில் ஒரு சின்னச் சீட்டுக் கட்டி "10-32" என்றோ "5 மி.மீ." என்றோ எழுதியிருந்தால் இந்த அரைநாள் மிச்சம்.

ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் எஃகுக் கம்பி) இதைவிட மோசம், ஏனென்றால் கெட்டால் நெக்கே போகும். அதைத் திருகும் நட்டின் சாவித்துளை 1/8 அங்குலம் என்றால் 3.175 மி.மீ. வீட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் எல் சாவிப் பெட்டியில் 3 மி.மீ. இருக்கும். நுழையும். நுழைவதுதான் பிரச்சினை. ஆறு முகமும் ஒட்டாமல் ஆறு மூலை மட்டும் தொட்டுக்கொண்டு திரும்பும். நட் இறுக்கமாக இருந்தால் மூலைகள் வழித்துக்கொண்டு போய், துளை வட்டமாகிவிடும். அதுபோல 3/16 அங்குலம் 4.76 மி.மீ.; 5 மி.மீ. சாவி நுழையாது, 4.5 வழுக்கும். நட்டை வெளியே கழற்ற முடியாத அமைப்புகளில் துளை வட்டமானால், விரல்பலகையைச் சூடாக்கிப் பிரிக்கிற அளவுக்கு வேலை போய்விடலாம். இத்தனைக்கும் அந்தச் சரியான சாவி சில வெள்ளி (ரிங்கிட்) தான். பெட்டியோடு வந்த சாவியை "டிஸ்பிளே பீஸ்" என்ற பெயரில் எங்கோ ஒரு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கிட்டாரை மட்டும் உறையில் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

பிரிட்ஜ் சேடிலின் குட்டித் திருகாணிகளிலும் இதே கதைதான்: சிலவற்றில் 0.05 அங்குலம், சிலவற்றில் 1.5 மி.மீ. நம் ஊர்க் காற்றில் ஈரம் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கிறது, அதோடு மேடை வியர்வையும் சேர்ந்தால் இந்தத் திருகாணிகள்தான் முதலில் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். முறுக்கிப் பார்க்காதீர்கள். தந்தியைத் தளர்த்திவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை ஒரு ஊசிமுனையால் ஒரே சொட்டு வைத்து, சுற்றிலும் துணி போட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாளும் அசையவில்லை என்றால் சாலிடர் இரும்பின் நுனியைத் திருகாணித் தலையில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். உலோகம் விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விடும். பிறகு சரியான சாவியால், முதலில் இறுக்கும் திசையில் இம்மி, அதன்பின் தளர்த்தும் திசையில். முறிந்த சேடிலுக்கு மாற்று வாங்கப் போனால்தான் தெரியும், முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் இடையே சில பிரிட்ஜ்களில் 52.5 மி.மீ., சிலவற்றில் 56. பொட்டலத்தின்மேல் "ஸ்ட்ராட் டைப்" என்று மட்டும் எழுதி விற்பது, செருப்பை "கால் டைப்" என்று விற்பதுபோல.

வால்யூம், டோன் பாட் வாங்க நாங்கள் ஜாலான் பசாருக்குப் போகிறோம். புடுவில் அந்த மின்னணுச் சாமான் கடைகள் இருக்கும்வரை கபாசிட்டர், ஜாக், சாலிடர், வயர் எதற்கும் குறைவில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் பாட்டின் கழுத்து மில்லிமீட்டர் கணக்கில் 7 அல்லது 8. அமெரிக்கக் கிட்டாரின் துளை 9.5. வாஷர் போட்டு நடுவில் நிறுத்தலாம், சரி. தலைகீழாக வந்தால்தான் வினை. ஆசியக் கிட்டாரின் 8 மி.மீ. துளையில் பெரிய கழுத்துப் பாட்டை நுழைக்கத் துளையைப் பெரிதாக்குகிறார்கள். நிறுத்தப்பட்ட மாடலில் அப்படி ஒருமுறை துரப்பணம் போட்டால் போட்டதுதான். பாட் மதிப்பும் அப்படியே. ஜாஸ்மாஸ்டரின் முதன்மைச் சுற்றில் 1 மெகா ஓம் பாட்டுகள். கைக்குக் கிடைத்தது என்று 250 கிலோ ஓம் போட்டால், பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மேல்சுரங்கள் பாட் வழியே தரைக்குக் கசிந்து ஒலி போர்வைக்குள் போய்விடும். பிறகு "பிக்கப் பழசாயிடுச்சு, மாத்திடலாம்" என்பார்கள். பிக்கப்பில் ஒரு குறையும் இருந்திருக்காது.

அதே ஜாஸ்மாஸ்டரில் தந்தி பிரிட்ஜிலிருந்து துள்ளி விலகுகிறது என்று அசல் பிரிட்ஜைக் கழற்றி எறிகிறவர்களும் உண்டு. அந்தக் கிட்டார் தடித்த தந்திக்காக வரையப்பட்டது. 9 அல்லது 10 மாட்டினால் சேடிலை அழுத்தப் போதிய கோணம் வராது. நெக்கைக் கழற்றி, அது உட்காரும் குழியில் பிரிட்ஜ் பக்கத்து விளிம்பில் அரை மி.மீ. மரத் தகடு வைத்து மாட்டினால் நெக் இம்மி பின்சாயும். அதற்கு ஈடாகப் பிரிட்ஜை உயர்த்தவேண்டி வரும், கோணம் கூடும், தந்தி அடங்கும். செலவு பூஜ்யம். அசல் பாகம் கிட்டாரிலேயே இருக்கும்.

இனி பிக்கப். உள்ளே சுற்றியிருப்பது 0.063 மி.மீ. செம்புக் கம்பி, தலைமுடி கனம். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் எட்டாயிரம் சுற்றுகள்வரை இருக்கும். வியர்வை உப்பும் ஈரமும் உள்ளே போனால் கம்பி பச்சை பூத்து அறுந்துவிடும். பிக்கப்புக்கு அடியில் வைத்திருக்கும் பழைய பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு இதற்குத் துணை போகும். அறுந்தது வெளிச்சுற்றின் முனையில் என்றால் அரைமணி நேரத்தில் பூதக்கண்ணாடி வைத்து ஒட்டிவிடலாம். உள்முனை என்றால் முழுக்க மறுபடி சுற்றவேண்டும். எப்படியானாலும் அதைக் குப்பையில் போடாதீர்கள். நிறுத்தப்பட்ட மாடலின் செத்த பிக்கப்புக்கும் மதிப்பு உண்டு. அதன் காந்தமும் பாபினும் மூடியும் வேறெங்கும் கிடைக்காதவை. வாடிக்கையாளர் கேட்டு வேறு பிக்கப் போட்டுக் கொடுத்தால், கழற்றியதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மாடல் பெயரும் நெக் பக்கமா பிரிட்ஜ் பக்கமா என்பதும் எழுதி, கிட்டார் உறையின் பையிலேயே வைத்துவிடுங்கள். அது அவருடைய சொத்து.

வேறு கம்பெனி பிக்கப்பைக் கலந்து மாட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது. இரண்டும் தனித்தனியே நன்றாக ஒலிக்கும். நடு நிலையில் இரண்டையும் சேர்த்தால் அடிக்கட்டை, அதாவது கனத்த பேஸ் ஒலி, காணாமல் போய், மூக்கால் பேசுவதுபோல் ஒலிக்கும். இரண்டும் எதிர்த் திசையில் இயங்குகின்றன என்று அர்த்தம். ஒன்றின் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டால் சரியாகும். ஆனால் ஒற்றை வயரும் அதைச் சுற்றி உலோக வலையும் உள்ள பழைய வகையில் அப்படி மாற்றினால், பிக்கப்பின் உலோக மூடியே சிக்னலோடு சேர்ந்து, தொட்டால் இரைச்சல் போடும். அங்கே காந்தத்தைத் திருப்பிப் போடுவதுதான் முறை. இந்த வேறுபாடு தெரியாமல் "இந்த மாடலே இப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதப்பட்ட கிட்டார்கள் நிறைய.

பழைய கிட்டார் விற்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுவரில் மாட்டுவதற்கு முன் இருபது நிமிடம் கொடுங்கள். கேபிளைக் குத்தி, அதன் மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து, வால்யூம், டோன் முழுக்கத் திறந்து, செலக்டரின் ஒவ்வொரு நிலையிலும் ஓம் பாருங்கள். ஒற்றைச் சுருளுக்கு 5.5 முதல் 7 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள்) 7 முதல் 9 என்பது வழக்கமான எல்லை. நடு நிலையில் ஏறக்குறைய பாதி. எண் ஏறிப்போய் 250, 500 கிலோ ஓம் என்று பாட்டின் மதிப்பிலோ முடிவில்லாமலோ நின்றால் சுருளோ சுவிட்சோ அறுந்திருக்கிறது. பேட்டரி போடும் வகைக்கு இந்தச் சோதனை செல்லாது. அதில் முதலில் பேட்டரிக் குழியைத் திறந்து கசிவு இருக்கிறதா பாருங்கள். பிறகு முதல் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு, ஏழாவதில் இடைவெளி பாருங்கள். 0.2, 0.3 மி.மீ. இருந்தால் நலம், ஒரு பெயரட்டை நுழைகிற அளவு. அதிகம் இருந்தால் ட்ரஸ் ராட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். ஏற்கெனவே கடைசிவரை இறுக்கியிருந்தும் வளைவு நிற்கிறது என்றால் அதை விலைச் சீட்டில் எழுதவேண்டும். ஃபிரெட் உயரம் 0.6 மி.மீ.-க்குக் கீழே போயிருந்தால் அதையும். "ஓல்ட் பட் கோல்டு" என்று எழுதுகிற அதே சீட்டில் இதற்கும் இடம் இருக்கும்.

நைட்ரோ பாலிஷ் போட்ட கிட்டாரை ரப்பர் கொக்கியில் மாதக்கணக்கில் தொங்கவிடாதீர்கள், ரப்பர் பாலிஷை இளக்கிக் கறையாக்கிவிடும். கொக்கிக்குப் பருத்தித் துணி சுற்றினால் போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம், மிரட்டலுக்காக இல்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, விற்ற பொருளுக்கு நியாயமான காலம்வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் கிடைக்கத் தயாரிப்பாளரும் விற்பவரும் நியாயமான நடவடிக்கை எடுப்பார்கள் என்பதை, எழுதாத உத்தரவாதமாகவே வைத்திருக்கிறது. அதே பிரிவில் விலக்கும் உண்டு: உதிரிப் பாகம் கிடைக்கும் என்று உறுதி தரவில்லை என்பதை விற்பதற்கு முன்னரோ விற்கும்போதோ வாங்குபவருக்குத் தெரிவித்துவிட்டால் பொறுப்பு இல்லை. ஆக, சட்டம் உங்களிடம் கேட்பது குறைந்தபட்சம் ஒரு வாக்கியம். ஆண்டுக் கடைசி மலிவு விற்பனையில் 40 விழுக்காடு தள்ளுபடி என்று சிவப்பில் எழுதும்போது, பக்கத்தில் "இந்த மாடல் நிறுத்தப்பட்டது, பாகங்கள் வராது" என்று கறுப்பிலாவது எழுதுங்கள். எழுதாமல் விற்றால், 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமல், 50,000 வெள்ளிவரை கோரிக்கை வைக்கப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது என்பது வாங்குபவர்களுக்கும் தெரியும். ஒரு டிரெமலோ கம்பிக்காக அங்கே போய் உட்கார்ந்திருக்க யாருக்கும் ஆசையில்லை.

ரோஸ்வுட் நெக்கை வரவழைக்க முடியாது என்ற பதிலுக்கும் காலம் கடந்துவிட்டது. 2017 ஜனவரி 2-இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஏற்பாடு) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது உண்மை. 2019 நவம்பர் 26 முதல், செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் செய்துமுடித்த பாகங்களுக்கும் விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் 1992 முதல் முதலாம் பட்டியலில் இருக்கிறது. அதற்கு அந்த விலக்கு கிடையாது.

இருப்பு வைப்பது செலவு என்பீர்கள். எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டோம். ஒரு மாடலில் இருபது கிட்டார் விற்றிருந்தால், நிறுத்தும் அறிவிப்பு வந்தவுடன் கடைசி ஆர்டரில் இவற்றைச் சேருங்கள்: டிரெமலோ கம்பி மூன்று, சேடில் ஒரு செட், செலக்டர் சுவிட்ச் இரண்டு, நட் இரண்டு, டியூனர் ஒரு செட், பின்பக்க மூடி இரண்டு, நாப் நான்கு, நெக்குக்கும் பிரிட்ஜுக்கும் பிக்கப் ஒவ்வொன்று. அத்தனையும் தீபாவளிக்கு முறுக்கு வந்த பிஸ்கட் டின் ஒன்றுக்குள் அடங்கும். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு மூடிவையுங்கள். சும்மா கேட்கவில்லை, விலை வைத்தே விற்கலாம். பாகம் கிடைக்கும் மாடலுக்குப் பழைய விலை விழாது. பழைய விலை விழாத கிட்டாரைத்தான் உங்களிடம் கொடுத்துப் புதிதை எடுத்துப்போக வருவார்கள்.

கப்பலில் நெக் உடைந்து வந்தது, கடையில் விழுந்து உடல் பிளந்தது என்று காப்பீட்டுக்குக் கணக்கு எழுதிவிட்டு முழுசாகத் தூக்கிப் போடும் கிட்டார்களும் இருக்கின்றன. காப்பீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் அவற்றைப் பிரித்து வையுங்கள். ஒரு செத்த கிட்டாரில் இருந்து நான்கைந்து கிட்டார்களுக்கு உறுப்புதானம் நடக்கும்.

கடைசியாக அளவுச் சீட்டு. ஒரு ஏ4 தாள் போதும். ட்ரஸ் ராட் நட் அளவு, டிரெமலோ கம்பி மரை, பிரிட்ஜில் தந்தி இடைவெளி, பிரிட்ஜ் தூண்களுக்கு இடையே தூரம், நட் அகலம், டியூனர் துளை 8.8-ஆ 10-ஆ, பாட் மதிப்பும் கழுத்து விட்டமும், பிக்கப் ஓம், வயரிங் படம். இதைத் தலைமை அலுவலகத்திடம் கேட்டு வாங்குவது முகவர்களாகிய உங்களால்தான் ஆகும். தனியாள் எழுதும் கடிதத்துக்கு அங்கிருந்து வருவது, பொருள் வழக்கொழிந்தது என்ற ஒற்றை வரிப் பதில்தான். தலைமை அலுவலகம் தரவில்லையா? கடையில் கடைசியாக மிஞ்சும் அந்த ஒரு கிட்டாரை, விற்பதற்கு முன் ஒரு பிற்பகல் எங்களிடம் விடுங்கள். காலிப்பர், மரை அளவி, மல்டிமீட்டர், கேமரா நாங்கள் கொண்டுவருகிறோம். தந்தி கழற்றி, அளந்து, படம் பிடித்து, புதுத் தந்தி போட்டுச் சுருதி சேர்த்துத் தர இரண்டு மணி நேரம் ஆகும். உங்கள் மேசையில் ஒரு விளக்கும், பிளக் குத்த ஒரு இடமும் இருந்தால் போதும். சீட்டின் ஒரு பிரதி உங்கள் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கட்டும், மற்றொன்று கிட்டாரின் உறையில்.

இப்படிக்கு,
கோலாலம்பூரில் கிட்டார் பழுது பார்ப்பவர்களும் வாசிப்பவர்களும்